நலமாக நிற்கும் மாட்டையும் தொட்டுப் பாருங்கள்

"கழலை தெரிந்த அன்றே தனியாகக் கட்டிவிட்டோம்." தோல் கழலை நோயைப் பற்றி மாடு வளர்ப்பவர்களிடம் பேச்செடுத்தால் இந்த வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது. செய்ய வேண்டியதைத் தாமதமில்லாமல் செய்துவிட்டோம் என்ற நிம்மதி அதில் இருக்கும். சொல்வதில் பொய்யும் கிடையாது. உண்மையிலேயே அன்றைக்கே அவிழ்த்துக்கொண்டு போய் வேறு இடத்தில் கட்டியிருப்பார்கள். தண்ணீர் வாளியைக்கூடத் தனியாக வைத்திருப்பார்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்து அதே கொட்டகையில் இன்னொரு மாட்டுக்குக் காய்ச்சல் காணும்போது அந்த நிம்மதி குலைந்துபோகும். "பிரித்துத்தானே கட்டினோம், பிறகு எப்படி வந்தது?" என்று கேட்பார்கள். தீவனத்தில் ஏதோ கோளாறு என்பார் ஒருவர். போட்ட ஊசிதான் கொண்டுவந்தது என்பார் இன்னொருவர். எல்லாம் நேரம் என்று விட்டுவிடுவார் மற்றொருவர்.

இந்தக் கேள்வி என்னை நெடுநாளாகக் குடைந்துகொண்டிருக்கிறது. ஏனென்றால் கேட்பவர்கள் அசட்டையான ஆட்கள் அல்லர். மாட்டின் நடையில் சிறு மாற்றம் தெரிந்தாலே கண்டுபிடித்துவிடுபவர்கள். இவ்வளவு கவனமானவர்களின் கொட்டகைக்குள்ளேயே ஒரு நோய் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் நுழைகிறது என்றால், கவனம் செல்லும் திசையில்தான் ஏதோ சிக்கல் இருக்க வேண்டும். நாம் எல்லோரும் கழலையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். கழலையோ இந்த நோயில் மிகத் தாமதமாகக் கிடைக்கும் செய்தி.

நாள்கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். இது வைரஸால் வரும் நோய், பூச்சிக்கடியால் பரவுவது. அந்த வைரஸைச் சுமந்த பூச்சி கடித்த நாளிலிருந்து காய்ச்சல் காண ஒரு வாரமும் ஆகலாம், நான்கு வாரமும் ஆகலாம். உலக விலங்கு நல அமைப்பு தன் விதிகளில் இந்தக் காலத்தை 28 நாள் என்று வைத்திருக்கிறது. அதன்பின் காய்ச்சல் 104, 105 டிகிரி பாரன்ஹீட் என்று ஏறும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், பால் சட்டென்று இறங்கும், தோளுக்கு முன்னாலும் பின்தொடைக்கு முன்னாலும் உள்ள நிணநீர் முடிச்சுகள் வீங்கும். இவ்வளவுக்கும் பிறகுதான் தோலில் கழலைகள் எழும்புகின்றன. முதல் நாள் பார்த்தால் கழலை என்றே தோன்றாது. அங்கங்கே மயிர் மட்டும் குத்திட்டு நிற்கும். விரலால் தடவினால் அடியில் கெட்டியாக ஏதோ தட்டுப்படும். மறுநாள் அது வட்டமாக, மேடாக, தோலின் முழுக் கனத்துக்கும் இறங்கிய கட்டியாகத் தெரியும். பெரியவை ஐந்து சென்டிமீட்டர்வரை வரும். ஆக, வீட்டுக்காரர் கழலையைப் பார்த்து மாட்டைப் பிரிக்கும் நாளில் அந்த வைரஸ் கொட்டகைக்குள் வந்து வாரக்கணக்கில் ஆகியிருக்கலாம். இடைப்பட்ட நாட்களில் அந்த மாட்டைக் கடித்த ஈக்கள் பக்கத்து மாட்டையும்தான் கடித்திருக்கும்.

பூச்சிக்கடி என்று நினைத்த காலம்

இந்த நோய் முதன்முதலில் பதிவானது 1929-இல், இன்றைய ஜாம்பியாவில். அப்போது அதை யாரும் தொற்றுநோய் என்று கருதவில்லை. ஏதோ நச்சுச்செடியைத் தின்றதால் வந்தது என்றார்கள். பூச்சிக்கடிக்கு உடம்பு காட்டும் ஒவ்வாமை என்றும் சொன்னார்கள். 1943-இல் போட்ஸ்வானாவிலும் அடுத்துத் தென்னாப்பிரிக்காவிலும் பரவியபோதுதான் இது ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குத் தொற்றுகிறது என்பது உறுதியாயிற்று. தென்னாப்பிரிக்காவில் அந்த அலை ஓய்வதற்குள் ஏறத்தாழ 80 லட்சம் மாடுகள் பாதிக்கப்பட்டிருந்தன. ஆட்டம்மை வைரஸும் இதுவும் ஒரே குடும்பத்தின் நெருங்கிய உறவுகள் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது.

அந்தப் பழைய ஊகத்தை நான் மதிக்கிறேன். கழலை எழும்பியிருக்கும் மாட்டைச் சுற்றி ஈயும் கொசுவும் மொய்ப்பதைப் பார்த்தவர்கள் பூச்சியைச் சந்தேகித்தது இயல்புதான். பூச்சிக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதில் அவர்கள் கண் பொய் சொல்லவில்லை. பூச்சி நோயை உண்டாக்கவில்லை, சுமந்து வந்தது என்பதை அறியத்தான் நாளாயிற்று. 1989-இல் இஸ்ரேலில் ஒரு கிராமத்தில் நோய் வெடித்தபோது, முந்தைய ஆண்டு நோய் கண்டிருந்த எகிப்திலிருந்து கடிக்கும் ஈக்கள் காற்றோடு வந்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். 2001-இல் வெளிவந்த ஒரு சோதனை இன்னும் தெளிவானது. நோயுற்ற மாட்டின் ரத்தத்தைக் குடித்த ஏடிஸ் எஜிப்டி கொசுக்கள் இரண்டு முதல் ஆறு நாள் கழித்தும் நலமான மாட்டுக்கு வைரஸைக் கடத்தின. வீட்டுக்குள் டெங்குவைக் கொண்டுவரும் அதே கொசு.

கடிக்கும் ஈயின் குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டு ஈ போலவே இருக்கும், ஆனால் முன்னால் ஊசிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் வாய் அதற்கு. அது கடித்தால் வலிக்கும். வலித்தால் மாடு காலை உதறும், வாலைச் சுழற்றும், தோலைச் சிலிர்க்கும். பாதி வயிற்றோடு எழும்பும் ஈ மீதியைக் குடிக்கப் பக்கத்தில் நிற்கும் மாட்டிடம் போகும். முதல் மாட்டின் ரத்தம் அதன் வாயில் இன்னும் ஈரமாக இருக்கும்போதே இரண்டாவது தோலைத் துளைக்கும். மாட்டைப் பத்தடி தள்ளிக் கட்டினாலும் ஈக்கு அது தூரமாகத் தெரிவதில்லை. உண்ணிகளும் இந்த வைரஸைக் கடத்த வல்லவை. மாடு தள்ளிப் போனாலும் சுவர் இடுக்கிலும் கூரைச் சந்திலும் அவை தங்கிவிடும்.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்த மாடு

என் சித்தப்பா வீட்டில் இந்த நோய் வந்தபோது நான் அங்கே இருந்தேன். ஒரு கறவைப் பசுவுக்குக் கழுத்திலும் விலாவிலும் மடியிலும் கழலை. சித்தப்பா அதை அன்றே கொட்டகைக்கு வெளியே தனிக் கொட்டாயில் கட்டிவிட்டார். கால்நடை மருத்துவர் வந்ததும் நேராக அங்கே அழைத்துப் போக முன்னால் நடந்தார். டாக்டரம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "அதைக் கடைசியாகப் பார்க்கிறேன் ஐயா. அதைத் தொட்டுவிட்டு மற்றதைத் தொடக்கூடாது. முதலில் கொட்டகையில் இருப்பவற்றைப் பார்க்கலாம்" என்றார்.

"இவற்றுக்கு ஒன்றும் இல்லையே அம்மா. எல்லாம் நன்றாகத்தான் மேய்கின்றன" என்றார் சித்தப்பா.

அவர் பதில் சொல்லாமல் முதல் மாட்டின் தோள் எலும்புக்கு முன்னால், கழுத்து வந்து சேரும் பள்ளத்தில் விரல்களை அழுத்தி மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை போலும், அடுத்ததற்குப் போனார். அதற்கடுத்து நின்றது ஒரு கிடேரி. தட்டையை அசைபோட்டுக்கொண்டு, பளபளப்பான தோலோடு, பார்ப்பதற்கு வீட்டிலேயே ஆரோக்கியமான உருப்படி. அதன் தோள் முன்னால் விரல் வைத்ததும் டாக்டரம்மா நிறுத்தினார். என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்து, "உருட்டிப் பாருங்கள்" என்றார். தோலுக்கு அடியில் நீளவாக்கில், வழுக்கிக்கொண்டு ஓடுகிற, கோழிமுட்டையளவு கெட்டியான ஒன்று. வெப்பமானி 105 காட்டியது. உடம்பில் ஒரு கழலைகூட இல்லை.

"இது எத்தனை நாளாக?" என்று கேட்டார். சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. சித்திக்கும் தெரியவில்லை. ஆனால் சித்தி வேறொன்று சொன்னார். கழலை வந்த பசு அதற்கு முன்பே இரண்டு வேளை பால் குறைத்துவிட்டதாம், காம்பைத் தொட்டதற்கு வழக்கத்துக்கு மாறாகக் காலைத் தூக்கியதாம், உடம்பும் சுட்டதாம். மழை நேரம், சளிபிடித்திருக்கும் என்று நினைத்திருக்கிறார். டாக்டரம்மா அவர் பக்கம் முழுதாகத் திரும்பினார். "கழலைக்கு முன்னால் உங்கள் கைக்குத்தான் தெரிந்திருக்கிறது. இனிமேல் பால் குறைந்தால் அன்றைக்கே வெப்பமானி வையுங்கள்" என்றார்.

எனக்குத் திருப்பமாக அமைந்தது அந்தப் பிற்பகல்தான். அதுவரை இந்த நோயைப் பற்றிப் படித்ததெல்லாம் கழலையின் படங்களோடு சேர்ந்தே மனத்தில் பதிந்திருந்தது. ஒரு கொட்டகையை நோயுற்ற மாடு, நோயில்லாத மாடு என்று இரண்டாகப் பிரித்துவிடலாம் என்ற எண்ணம் அந்தக் கிடேரியின் தோள்முன் முடிச்சில் உடைந்தது. இரண்டு நாளில் அதற்கும் கழுத்தில் சில கழலைகள் வந்தன. இன்னொரு வயதான மாட்டுக்கும் காய்ச்சல் அடித்தது, முடிச்சும் வீங்கியது, கழலை கடைசிவரை வரவே இல்லை. தானாகவே தணிந்தது. டாக்டரம்மா அன்று வெப்பமானி வைக்காதிருந்தால் அதற்கு நோய் வந்து போனதே யாருக்கும் தெரிந்திருக்காது.

இது அரிய நிகழ்வன்று. சோதனை முறையில் வைரஸைச் செலுத்திப் பார்த்த ஆய்வுகளில் ஏறத்தாழப் பாதி மாடுகளுக்குத்தான் உடம்பெங்கும் கழலை வருகிறது. மற்றவற்றில் காய்ச்சலோடு முடிந்துவிடும், அல்லது அதுவும் தெரியாமல் ரத்தத்தில் வைரஸ் வந்து போய்விடும். இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கழலை நிறைந்த தோலைக் கடித்த பூச்சிதான் வைரஸை மிக எளிதாக எடுத்துச் செல்கிறது; கழலையில்லாமல் தொற்றியிருக்கும் மாட்டிடமிருந்து எடுத்துச் செல்லும் வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு குறைவு. அதனால் கழலை கண்ட மாட்டைப் பிரித்துக் கட்டுவது வீண்வேலை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்டாயம் பிரிக்க வேண்டும், முடிந்தால் கொசுவலைக்குள் கட்ட வேண்டும். ஆனால் குறைவான வாய்ப்பும் வாய்ப்புதான். நலமாகத் தெரிகிறது என்பதற்காக அந்த வாரத்தில் ஒரு மாட்டைச் சந்தைக்கு ஏற்றினால், அது இறங்கும் ஊருக்கு வைரஸும் இறங்கலாம். ஈ பறந்து கடக்கும் தூரத்துக்கு எல்லை உண்டு. லாரிக்கு அந்த எல்லை கிடையாது. இந்த நோய் மாவட்டம் விட்டு மாவட்டம், நாடு விட்டு நாடு தாவியதில் மாட்டை ஏற்றிச்சென்ற வண்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. நோய்க்காலத்தில் சந்தைகளை மூடச் சொல்வதன் காரணம் இதுதான்.

ஊசியின் மேல் விழும் பழி

அன்று சித்தப்பா கேட்ட அடுத்த கேள்வி எல்லோரும் கேட்பது: "இப்போதே எல்லாவற்றுக்கும் தடுப்பூசி போட்டுவிடலாமா?" டாக்டரம்மாவின் விடை பொறுமையாக வந்தது. காய்ச்சல் உள்ளவற்றுக்குப் போடமாட்டேன் என்றார். மற்றவற்றுக்குப் போடலாம், ஆனால் ஊசி போட்டு முழுப் பாதுகாப்பு வர மூன்று வாரம்வரை ஆகும், அதற்குள் ஏற்கெனவே தொற்றியிருப்பவற்றுக்கு நோய் வெளிவரலாம், அப்போது ஊசியால் வந்தது என்று சொல்லக்கூடாது என்றார். சித்தப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படி வந்தால் ஊர் சொல்லத்தான் செய்யும்" என்றார்.

உண்மையில் ஊர் அப்படித்தான் சொல்கிறது. நோய் பக்கத்துத் தெருவுக்கு வந்தபிறகு ஊசி போடுகிறோம். வைரஸ் உள்ளே புகுந்து வெளியே தெரிய நான்கு வாரம்வரை ஆகலாம். ஊசி காக்கத் தொடங்க மூன்று வாரம்வரை ஆகலாம். இந்த இரண்டு காலமும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது, ஊசி போட்ட பத்தாம் நாள் கழலை வந்த மாடு ஊருக்கு இரண்டு மூன்றாவது இருக்கும். ஊசிக்குப் பின் வந்தது, ஆகவே ஊசியால் வந்தது என்ற முடிவு அங்கே பிறக்கிறது. அடுத்த ஆண்டு ஊசிக்கு வரச் சொன்னால் வீட்டுக் கதவு திறக்காது. இந்த அவநம்பிக்கையை அறியாமை என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் தங்கள் கண்ணால் பார்த்ததிலிருந்து பேசுகிறார்கள். ஊசி போட்டபின் சில மாடுகளுக்கு ஓரிரு நாள் காய்ச்சல் வருவதும், போட்ட இடம் வீங்குவதும், பால் சற்றுக் குறைவதும் மெய். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போட்டால் ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் வராது. டாக்டரம்மா சொன்னார், அதனால் சித்தப்பா வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை. ஒவ்வொரு மாட்டுக்கும் ஊசியை மாற்றினார் என்பதையும் குறிப்பிட வேண்டும். ஒரே ஊசியால் வரிசையாகக் குத்திக்கொண்டு போனால் கடிக்கும் ஈ செய்யும் வேலையை மனிதக் கை செய்துவிடும்.

ஊசியால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவின் தென்கிழக்கு மூலை நல்ல சான்று. 2013-இல் துருக்கி, 2015-இல் கிரேக்கம், 2016-இல் பல்கேரியாவும் செர்பியாவும் அல்பேனியாவும் மற்றவையும் என்று நோய் பரவியது. பால்கன் பகுதியில் மட்டும் 2016-இல் 7,000-க்கும் மேற்பட்ட இடங்களில் நோய் வெடித்தது. நாடு முழுவதும் மாடுகளுக்கு ஊசி போட்டார்கள், நோய் வராத பகுதிகளிலும் முன்கூட்டியே போட்டார்கள். 2017-இல் அந்த எண்ணிக்கை 400-க்கும் கீழே இறங்கியது. 2018-இல் அங்கே நோயே இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் கணக்கிட்டுச் சொன்னது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஊசி நன்றாகப் பரவலாகப் போடப்பட்டிருந்தால், நோய் கண்ட பண்ணையில் எல்லா மாடுகளையும் கொன்றாலும் சரி, கழலை கண்டவற்றை மட்டும் அகற்றினாலும் சரி, நோயை ஒழிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றுதான். மொத்தமாகக் கொல்வதை நினைத்துப் பார்க்கவே முடியாத நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிட ஆறுதலான செய்தி இல்லை.

இங்கே நடந்தது எல்லோரும் அறிந்ததே. 2019-இல் ஒடிசாவில் முதலில் தெரிந்தது. 2022-இல் குஜராத்தின் கட்சில் தொடங்கி ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா என்று பரவியபோது அரசுக் கணக்கிலேயே ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் இறந்தன. பொதுவாக நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து மாடுகள் இறக்கும் நோய் என்று நூல்கள் சொல்லும். பிழைத்தவற்றின் இழப்பு அந்தக் கணக்கில் வராது. மடியில் கழலை உடைந்து ஒரு காம்பு நிரந்தரமாக அடைத்துப்போன பசு, சினை கலைந்த மாடு, மாதக்கணக்கில் பருவத்துக்கே வராத கிடேரி, கால் வீங்கி நொண்டும் காளை என்று எத்தனையோ. கைவசம் இருந்தது ஆட்டம்மைக்கான ஊசி. உத்தரகாசி வகை என்று அதற்குப் பெயர். வைரஸ்கள் நெருங்கிய உறவு என்பதால் அது மாட்டையும் ஓரளவு காக்கிறது. உரிய அளவில் அதையே பரவலாகப் போட்டார்கள். இதற்கெனவே உருவான ஊசியை ஹிசாரிலுள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையமும் இசத்நகரிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 2022 ஆகஸ்டில் அறிவித்தன. 2019-இல் ராஞ்சியில் நோயுற்ற மாட்டிலிருந்து எடுத்த வைரஸை ஆய்வகச் செல்களில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குறைத்த ஊசி அது. 2025-இல் பயோவெட் நிறுவனத்தின் ஊசிக்கு உரிமம் கிடைத்தது. அதன் சிறப்பு, ஊசியால் எதிர்ப்பாற்றல் பெற்ற மாட்டையும் நோய் வந்து தேறிய மாட்டையும் ரத்தச் சோதனையில் பிரித்தறிய முடியும் என்பது. கழலை வராமல் நோய் வந்துபோன மாடுகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும் எனக்கு அதன் அருமை புரிகிறது. ஊசி போட்ட ஊரிலும் வைரஸ் ஓசையில்லாமல் சுற்றுகிறதா என்பதை இனித் தேடிப் பார்க்கலாம்.

கொட்டகையில் செய்ததும் செய்யாததும்

சித்தப்பா வீட்டில் அடுத்து வந்த வாரங்கள் பெரும்பாலும் உழைப்பாகவே கழிந்தன. கறக்கும் வரிசை மாறியது. நலமான மாடுகள் முதலில், காய்ச்சல் உள்ளவை அடுத்து, கழலை கண்டது கடைசியில். கடைசி மாட்டைக் கறந்த கையோடு யாரும் கொட்டகைக்குத் திரும்பவில்லை. மடியில் புண் இருந்ததால் கன்றை ஊட்ட விடாமல், காய்ச்சி ஆறவைத்த பாலைப் புகட்டினோம். இந்த நோய் மனிதருக்குத் தொற்றாது. இருந்தாலும் பாலைக் காய்ச்சாமல் குடிப்பதற்கு எந்தக் காலத்திலும் நியாயமில்லை.

மருந்து என்று பார்த்தால் வைரஸைக் கொல்ல ஒன்றும் கிடையாது. காய்ச்சலுக்கும் வலிக்கும் ஊசி, உடைந்த புண்ணில் பாக்டீரியா ஏறாமலிருக்க ஆன்டிபயாடிக், புழு வைக்காமலிருக்க ஈயை விரட்டும் களிம்பு. இவ்வளவுதான், அதுவும் மருத்துவர் சொல்லி. மீதியெல்லாம் பராமரிப்பு. வாயில் புண் இருந்ததால் பசு தட்டையைக் கடிக்க முடியாமல் கீழே போட்டது. பசும்புல்லை நறுக்கியும் கஞ்சியாகவும் கொடுத்தபோது கொஞ்சம் தின்றது. கழலையின் நடுப்பகுதி செத்து, சுற்றிலும் வாய்க்கால்போல ஒரு கோடு விழுந்து, ஆப்பு அடித்தாற்போல் உள்ளே நின்றது. பிய்த்து எடுத்துவிடலாமா என்று கை துறுதுறுக்கும். கூடாது. அது தானாகக் கழன்று விழவேண்டும். விழுந்த பொருக்கைப் பொறுக்கி எரித்தோம். காய்ந்த பொருக்கில் இந்த வைரஸ் ஒரு மாதத்துக்கும் மேலாக உயிரோடு கிடக்கும், இருண்ட கொட்டகையில் இன்னும் அதிகம். வெயிலும் சோப்பு நீரும் அதற்கு ஆகாது. தரையை முதலில் சோப்புக் கரைசலால் தேய்த்துக் கழுவிவிட்டு, பிறகு 2 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் தெளிக்க வேண்டும். சாணத்தின் மேலேயே தெளித்தால் மருந்து வீண்.

ஈயும் கொசுவும் முழுதாக ஒழியவில்லை. எந்தக் கொட்டகையிலும் ஒழியாது. சாணக்குவியலைத் தள்ளிக் கொண்டுபோய் மூடிவைத்தோம். ஈரமும் சாணமும் மக்கிய வைக்கோலும் கலந்த இடத்தில்தான் கடிக்கும் ஈ முட்டையிடும். தேங்கிய நீரை வடித்தோம், உண்ணிக்குச் சுவர் இடுக்குகளில் மருந்தடித்தோம். ஈ பாதியாகக் குறைந்தால் கடியும் பாதியாகக் குறையும். அதற்கே இவ்வளவு மெனக்கெடலாம். ஆனால் பூச்சியை மட்டும் நம்பி ஊசியைத் தள்ளிப்போடுபவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. பால்கனில் நோயை நிறுத்தியது ஊசிதான்.

பொலிகாளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தேறிவிட்டது, தின்கிறது, துள்ளுகிறது என்று உடனே சினைக்கு விட வேண்டாம். சோதனைகளில் நோயுற்ற காளையின் விந்தில் 42 நாள்வரை உயிருள்ள வைரஸ் கிடைத்திருக்கிறது. மருத்துவரைக் கேட்டுவிட்டு விடுங்கள்.

தேறிய மாட்டைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் உண்டு. நோய் வந்து மீண்ட மாடு காலமெல்லாம் வைரஸைச் சுமந்துகொண்டிருப்பதில்லை. அதற்குக் கிடைக்கும் எதிர்ப்பாற்றலும் நீடித்தது. உடம்பெல்லாம் தழும்பு இருக்கிறது என்பதற்காக அதை ஒதுக்கி, அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவது பெரிய அநியாயம். அந்தக் கொட்டகையிலேயே அந்த வைரஸுக்கு எதிராக மிக உறுதியாக நிற்கும் மாடு அதுதான்.

கன்றுகளின் கணக்கு

இப்போது என் கவலையெல்லாம் கன்றுகளைப் பற்றியது. நோயலை ஓய்ந்ததும் ஊசியைப் பற்றிய பேச்சும் ஓய்ந்துவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு மாதமும் கன்றுகள் பிறந்துகொண்டே இருக்கின்றன. ஊசி போட்ட தாய்க்கோ நோயிலிருந்து தேறிய தாய்க்கோ பிறந்த கன்றுக்குச் சீம்பாலின் வழியே முதல் சில மாதம் பாதுகாப்பு உண்டு. பிறகு அது வடிந்துவிடும். அந்தத் தாய்வழிப் பாதுகாப்பு இருக்கும்போதே ஊசி போட்டால் ஊசி சரியாக வேலை செய்யாது. அதனால்தான் நான்கு மாதத்துக்கு மேல் என்று கணக்கு வைக்கிறார்கள். தாய்க்கு ஊசியும் இல்லை, நோயும் வந்ததில்லை என்றால் அந்தக் கன்றுக்குக் காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. ஊருக்கு ஆண்டில் ஒரு நாள் முகாம் வைத்து, அன்று கொட்டகையில் நின்றவற்றுக்கு மட்டும் போட்டுவிட்டு, நூற்றுக்கு நூறு முடித்தோம் என்று எழுதினால், அதற்கு அடுத்த வாரம் நான்கு மாதம் நிறையும் கன்று யார் கணக்கிலும் வராது. இரண்டு மூன்று ஆண்டு இப்படி விட்டால், ஊசியும் போடாத நோயும் காணாத இளங்கன்றுகளும் கிடேரிகளும் கொட்டகையில் பாதியாகிவிடும். அடுத்த அலைக்கு அது போதும்.

சித்தி இப்போது சினை ஊசி போட்ட சீட்டுகளோடு ஒரு நோட்டும் வைத்திருக்கிறார். கன்று பிறந்த தேதி, தாய்க்கு ஊசி போட்ட தேதி, கன்றுக்குப் போட வேண்டிய தேதி. அடுத்து முறை வருவது கிடேரி ஈன்ற கன்றுக்கு. டாக்டரம்மாவிடம் சொல்லியாயிற்று. ஒரு குப்பியில் பல மாடுகளுக்கான மருந்து இருக்கும், கலக்கிவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், ஒரு கன்றுக்காகத் திறந்தால் மீதி வீணாகும் என்கிறார். அக்கம்பக்கத்தில் அந்த வயதுக் கன்றுகள் எத்தனை இருக்கின்றன என்று கேட்டிருக்கிறார். சித்தப்பாவும் நானும் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம்.